தபசு மரத்தடியில் ஒரு பந்தி

எலுமிச்சம்பழம் மேலேயிருந்து விழுந்து உருளுவதைக் கண்டால் நான் இன்றும் ஓரடி பின்னால் நகர்ந்துவிடுகிறேன். சந்தையில் குவித்து வைத்திருந்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. உருளக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் அது உருண்ட திசையில் பெண்கள் ஓடுவார்கள். ஒருமுறை என் அக்காவின் மேலேயே ஓடினார்கள்.

எங்கள் ஊர் மண்ணூரிலிருந்து உள்ளே போகும் வண்டிப்பாதையில் இருக்கிறது. ஏரிப் பாசனம், ஒரு போகம். சித்திரையில் ஏரி வறண்டு வெடித்துக் கிடக்கும்போது அம்மன் கோயில் திருவிழா வரும். பகலில் கதை சொல்வதும் இரவில் கூத்துமாகப் பல நாள் நடக்கும். ஆனால் வெளியூர்க் கூட்டம் வருவது தபசு நாளுக்குத்தான். உயரமான பனையை வெட்டிச் செதுக்கிக் கோயில் மைதானத்தின் நடுவில் நடுவார்கள். அதுதான் தபசு மரம். ஏறுவதற்கு முளை அடித்திருக்கும். உச்சியில் ஒரு சின்னப் பரண். கூத்தில் தவம் செய்யப் போகும் வீரனாக வேஷம் கட்டியவர் வெயில் சாயும் நேரத்தில் அந்த மரத்தில் ஏறுவார். ஒவ்வொரு முளையிலும் நின்று ஒரு பாட்டு. பரணில் உட்கார்ந்து பூசை செய்துவிட்டு, தோளில் தொங்கும் பையிலிருந்து விபூதி, பூ, எலுமிச்சம்பழம் என்று கீழே வீசுவார்.

கீழே பிள்ளையில்லாத பெண்கள் நிற்பார்கள். பம்புசெட்டில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு வருவார்கள். யார் முந்தானையில் பழம் விழுகிறதோ அவளுக்கு அடுத்த திருவிழாவுக்குள் மடி நிறையும் என்பது நம்பிக்கை. தண்டலம், வாலாஜாபாத், இன்னும் அந்தப் பக்கம் காஞ்சிபுரத்திலிருந்தெல்லாம் வருவார்கள். வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பஸ் ரோட்டில் இறங்கி வெயிலில் நடந்து வருகிறவர்கள் உண்டு.

என் அக்காவைத் தண்டலத்தில் கொடுத்திருந்தோம். மாமா, அவள் புருஷன், மெட்ராஸ் பக்கம் பாடியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். நல்ல மனிதர். ஆனால் வீட்டில் பேசுவது அவருடைய அம்மாதான். கல்யாணமாகிச் சில வருஷங்களில் அந்த அம்மாளின் பேச்சு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து நிற்கத் தொடங்கியது. அக்கா தபசு மரத்தடிக்கு வந்தது அதனால்தான்.

அந்த வருஷம் நான் கோயில் மதில் ஓரமாக ஒரு கல்லின் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழம் ஒன்று யார் கையிலோ பட்டுத் தெறித்து அக்கா நின்ற பக்கம் போனது. அப்புறம் பழமும் தெரியவில்லை, அக்காவும் தெரியவில்லை. மஞ்சள் புடவைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. மைதானத்தைச் சுற்றிக் கடைகள் சுவர் வைத்ததுபோல் நெருக்கியிருந்தன. பின்னாலிருந்தவர்கள் நகர இடமில்லாமல் முன்னால் தள்ளினார்கள். மேலே பரணில் இருந்தவர் பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார். அது கூத்தில் ஒரு கட்டம் என்று நினைத்துச் சிலர் கும்பிட்டார்கள்.

கூட்டத்தை விலக்கி அக்காவைத் தூக்கியபோது அவள் முகத்தில் சேறு அப்பியிருந்தது. ஈரப் புடவைகளிலிருந்து சொட்டிய தண்ணீரில் அந்த இடமே சேறாகியிருந்தது. வளையல் துண்டுகள் அதில் பதிந்து கிடந்தன. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. அவள் மூச்சு விட்டதைப் பார்க்கும் வரை இருந்த நேரத்தை நான் இப்போதும் முழுதாக நினைத்துப் பார்ப்பதில்லை. பாதியில் வேறு வேலை தேடிக்கொண்டு எழுந்து போய்விடுவேன்.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். கூடியது, ஆனால் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க அவளால் முடியாமல் போய்விட்டது.

விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி யாரையும் மிரட்டவில்லை. கோயில் தர்மகர்த்தாவை உட்காரச் சொல்லி, அடுத்த முறை ஒருவர் கீழே விழுந்தாலும் அதற்கப்புறம் இந்த மைதானத்தில் கூட்டம் கூட அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால் ஊர் இரண்டு நாளில் மறந்திருக்கும். மெதுவாகச் சொன்னதால் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

தபசை மட்டும் விட்டுவிடலாம், கூத்து நடக்கட்டும் என்று சிலர் சொன்னார்கள். அது நடக்காத காரியம் என்று அப்படிச் சொன்னவர்களுக்கும் தெரியும். கூத்து எல்லா ஊரிலும் உண்டு. தபசுக்காக வருகிற கூட்டம்தான் எங்கள் ஊரின் கோடையைக் கடத்தியது. வேலை இல்லாத அந்த மாதத்தில் என் அத்தை சுண்டல் கடை போடுவாள். மண்ணூர்க்காரர்கள் வெள்ளரிப் பிஞ்சும் நுங்கும் கொண்டுவருவார்கள். காலனித் தெரு ஆண்கள் பந்தல் போட்டு, மேளம் அடித்து, வண்டி ஓட்டுவார்கள். மாதாகோயில் பக்கத்து வீட்டுக்காரர் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விட்டு, சோடாவும் விற்பார். திருவிழா வசூலில் கூத்துக்காரர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதில்தான் ஏரி மதகுக்குப் பலகை மாற்றினார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கீற்றுக் கொட்டகை போட்டதும் அதில்தான். அந்தக் கொட்டகையில்தான் நான் படித்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பத்தாவது தேறி, காஞ்சிபுரத்தில் ஆசிரியர் பயிற்சியும் முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்தத் திருவிழா இல்லாமல் நான் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடுத்த தைப்பொங்கலுக்கு அக்கா வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து, சரியாக இருக்கும் கையால் அரிசி புடைக்கப் பார்த்து, முடியாமல் முறத்தைக் கீழே வைத்தாள். சித்திரைக்கு வருவேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா எதற்கு என்று கேட்கவில்லை. நான் கேட்டேன்.

“இன்னாத்துக்குன்னு கேக்கறியே. தெரியாதா ஒனக்கு?” என்றாள்.

“ஒரு கை போனது போதாதா? இன்னும் கீற கையையும் ஒடச்சிக்கணுமா?”

“கையி ஒடைஞ்சா கட்டுப் போட்டுக்கலாம்டி. எங்க மாமியா அவருக்கு ரெண்டாந்தாரமா கட்டி வெக்க அந்தச் செங்கல்பட்டுப் பொண்ண ரெண்டு தபா போய்ப் பாத்துட்டு வந்துட்டா.”

அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அக்காவை யாரும் தடுக்கப் போவதில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவள் அந்த மரத்தடியில் மறுபடியும் நிற்பாள். பழம் உருளும். அன்றிலிருந்து கண்ணை மூடினால் சேற்றில் பதிந்த வளையல் துண்டுகள்தான் வந்தன. அக்காவை மாற்ற முடியாது என்றால் மைதானத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மாசியில் திருவிழா பற்றிப் பேசக் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. பெண்கள் தூணுக்கு வெளியே நின்று கேட்பது வழக்கம். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். நைனா, என் அப்பா, என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தர்மகர்த்தா கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, டீச்சரம்மா வந்திருக்காங்க, எல்லாரும் சிலேட்டை எடுங்க என்றார். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தேன். புடவையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

நான் முதலில் சொன்ன யோசனை இதுதான்: சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டி வரிசை விடுவது. பரணிலிருந்து வீசாமல், பூசை முடிந்ததும் இறங்கி வந்து ஒவ்வொருவர் முந்தானையிலும் பழத்தைப் போடுவது. பயிற்சிப் பள்ளியில் எதற்கும் வரிசைதான். எனக்கு அது சரியாகவே பட்டது.

தூணுக்கு வெளியிலிருந்து என் அத்தையின் குரல் வந்தது. ஊரில் எந்தக் கல்யாணமானாலும் பந்தி விசாரிப்பது அவள்தான். எந்தப் பந்தியிலும் அவள் பேச்சை மீறி ஒருவரும் எழுந்ததில்லை.

“ரேசன் கடையாடி இது? கையில குடுத்தா அது பழம். மேலேர்ந்து மடியில வுழுந்தாதான் அம்மா குடுத்தது. காஞ்சிபுரம் போய்ப் படிச்சிட்டு வந்து இதுகூடத் தெரியலியே.”

இந்த முறை சிரிப்பு அதிகமாக வந்தது. ஆனால் அத்தை சொன்னது உண்மை. வரிசையில் நின்று வாங்கும் பழத்துக்காக ஒருத்தியும் வாலாஜாபாத்திலிருந்து வர மாட்டாள். விழ வேண்டும், யாருக்கு என்று யாருக்கும் தெரியாமல் விழ வேண்டும். நான் வேறு வழி தெரியாமல், அப்படியென்றால் எல்லோரையும் உட்காரவாவது வைக்கலாமே என்றேன்.

“குந்துவாளுங்களா? பழம் வரும்போது? இன்னா, எல போட்டுப் பந்தி வெக்கப் போறியா?”

அவள் என்னைக் குத்துவதற்காகத்தான் சொன்னாள். எனக்கு அந்த வார்த்தையிலேயே வழி தெரிந்துவிட்டது. ஆமாம் அத்தே, பந்திதான் வைக்கப் போகிறேன், நீதான் விசாரிக்க வேண்டும் என்றேன்.

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இலை முன்னால் உட்கார்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நடுவில் எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அவமானம். குழந்தை அழுதாலும், சாம்பார் வராவிட்டாலும் உட்கார்ந்தேதான் இருப்பார்கள். போலீஸ்காரர் தடி போட்டுத் தடுக்க முடியாததை ஒரு தையல் இலை தடுக்கும். பந்தியில் எல்லோரும் சேர்ந்துதான் எழுவார்கள். பந்தி வரிசைகளுக்கு நடுவில் பரிமாறுகிறவர்கள் நடக்க வழி இருக்கும். தபசு மரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக இலை போட்டு, நடுநடுவே வழி விட்டால் ஒருத்தி மேல் ஒருத்தி விழ இடமே இராது.

தர்மகர்த்தாவுக்குத் திருவிழா நின்றுவிடும் என்ற பயம் என்னைவிட அதிகம். வெற்றிலையை மென்றுகொண்டே, கடைகளை என்ன செய்வது என்று கேட்டார். அதற்கும் நான் பதில் வைத்திருந்தேன். மைதானத்தைச் சுற்றி ஒரு கடையும் வேண்டாம். பஸ் ரோட்டிலிருந்து கோயில் வரைக்கும் இரண்டு பக்கமும் கடைகள், பிறகு காலனித் தெரு வழியாக வெளியே போகும் பாதையிலும் கடைகள். வருகிறவர்கள் ஒரு வழியாக வந்து இன்னொரு வழியாகப் போகட்டும். இதுவரை திருவிழா வியாபாரம் என்பதே இல்லாத தெருவில் வாசலுக்கு வாசல் மோர் விற்கலாம் என்றேன். வளையல்காரர் ஒருவர் எழுந்து, பத்து வருஷமாக ஒரே இடத்தில் கடை போடுகிறேன் என்றார். என் அக்கா விழுந்ததும் அந்த இடத்துக்கு நேர் எதிரில்தான் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அத்தோடு எல்லாம் ஒத்துவந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. இலை என்று வந்ததும் புது வினை ஒன்று கிளம்பியது. அதுவரை மரத்தடியில் ஈரப் புடவைகள் முட்டி மோதிக்கொண்டு நின்றபோது எந்தத் தெரு, எந்த ஜாதி என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இலை போட்டு உட்காரவைக்கப் போகிறோம் என்றதும், யார் பக்கத்தில் யார் என்ற கேள்வி வந்துவிட்டது. பங்குனி முழுக்க அந்தப் பேச்சுத்தான். தங்களுக்கு மரத்தடியில் ஒரு வட்டம், மற்றவர்களுக்கு அதற்கப்பால் தனியாக இன்னொரு வட்டம் என்று மேலத்தெருக்காரர்கள் முடிவு செய்துவிட்டதாக நைனா வந்து சொன்னார்.

இரண்டு வட்டம் என்றால் கூட்டம் இரண்டாகப் பிரியும். மரத்துக்குக் கிட்டே யார், எட்ட யார் என்ற சண்டையில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அப்புறம் பழையபடிதான். அக்கா முகத்தில் சேறு. நான் தர்மகர்த்தா வீட்டு வாசலுக்கே போனேன். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். நின்றுகொண்டே கேட்டேன்.

“போன வருசம் எங்கக்கா மேல ஏறுன காலு எந்தத் தெருக் காலுன்னு யாராவது கேட்டீங்களா, பெரிப்பா?”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. நைனா அவருடைய நிலத்தில்தான் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் குத்தகைதான் மனதில் ஓடியது. என் வாயால் அது போய்விடும் என்று பயந்தேன். இரண்டாம் நாள் அவர் ஆள் அனுப்பினார். குளித்துவிட்டு யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் முதலில் உட்காரட்டும், இலையில் சோறா போடப் போகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார். அதற்கு மேல் அதைப் பற்றியோ குத்தகையைப் பற்றியோ அவர் பேசவே இல்லை.

தபசு நாள் வந்தது. காலையிலேயே கோலமாவால் மரத்தைச் சுற்றி வட்டங்கள் போட்டோம். மேலத்தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் பெண்கள் சிலரைப் பரிமாறுகிறவர்கள் என்று அத்தை பொறுக்கியிருந்தாள். ஆளுக்கு ஒரு வழி. எனக்கும் ஒன்று. மைக்செட்டில் நான் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். இலையில் விழுந்தாலும் மடியில் விழுந்தாலும் அவளுக்கு. நடுவழியில் விழுந்த பழம் யாருக்கும் இல்லை, அது அம்மன் கூடைக்குப் போகும். வழியில் விழுந்ததை எடுக்கலாம் என்று விட்டால் அதற்குத்தான் பாய்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கூட்டம் போன வருஷத்தைவிட அதிகம். போன வருஷம் ஒருத்தி சாகக் கிடந்தாள் என்ற செய்தியே அத்தனை பேரைக் கூட்டி வந்திருந்தது. சக்தி உள்ள இடம் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்களாம். போலீஸ் அதிகாரி கோயில் படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பம்புசெட்டிலிருந்து ஈரப் புடவைகள் வந்துகொண்டே இருந்தன. அத்தை இலைக்கு இலை ஆளை உட்காரவைத்தாள்.

“தள்ளிக் குந்துடி. ஏய், ஒன்னத்தான், காலை மடக்கு. பந்தியில கால நீட்டுவியா?”

அக்கா வந்தாள். பின்னால் அவள் மாமியார், குளிக்காதவர்களை நிறுத்த வட்டத்துக்கு வெளியே கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. வந்த வரிசைப்படி அவளுக்குக் கிடைத்தது என் வழியின் ஓரத்தில் ஓர் இலை. நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. முடியாத கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றதால் முந்தானையை விரித்தாள். அவள் ஈரத் தலையிலிருந்து தண்ணீர் இலையில் சொட்டிக்கொண்டிருந்தது. கயிற்றுக்கு அப்பால் ஆண்களும் வேடிக்கை பார்க்கிறவர்களும் நெருக்கினார்கள். இலைகளின் வட்டம் அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவில் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

வேஷக்காரர் ஏறத் தொடங்கினார். அவர் பாடியது ஒன்றும் என் காதில் விழவில்லை. பெண்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஒரு முழங்கால் தரையை விட்டுக் கிளம்புகிறதா என்று. பூசை முடிந்தது. முதலில் விபூதி வந்தது, காற்று அதை ஒரு பக்கமாகக் கொண்டுபோனது. பிறகு பூ. பிறகு முதல் பழம்.

அது எதிர்ப்பக்கம் விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு. நான்கைந்து பெண்கள் பாதி எழுந்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையின் குரல் கேட்டது.

“எல முன்னாடி எழுந்துக்கிறவ எவடி அது? பக்கத்துல குந்திகினு கீறவளுக்கு மரியாத இல்லியா?”

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். தெரிந்தவர்கள் முன்னால் சாப்பாட்டில் அவசரப்பட்டுவிட்டவர்களைப் போல வெட்கத்தோடு உட்கார்ந்தார்கள். பழம் விழுந்தவள் அதை மடியில் பொத்திக்கொண்டு அழுதாள். இரு பக்கத்து இலைக்காரிகளும் அவள் முதுகைத் தடவினார்கள். அடுத்த பழம். அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் விழும்போது வட்டம் முழுக்க உடம்புகள் ஒரு தடவை மேலே எழும்பி, பிறகு அமர்ந்தன. வயலில் காற்று போவது போல. பயம் கொஞ்சமும் குறையவில்லை. எல்லோரும் எழுந்து பாய இன்னும் ஒரு பழம் போதும் என்று தெரியும்.

அந்தப் பழம் என் வழியில் விழுந்தது. தரையில் குதித்து, உருண்டு, அக்காவின் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இலையைத் தொடவில்லை. நடுவில் ஒரு விரல் அளவு மண் இருந்தது. கோலமாவுக் கோட்டின் இந்தப் பக்கம், வழியில்.

அக்கா பழத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் மாமியாரும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரிசைப் பெண்களும் என் காலையே பார்த்தார்கள். குனிகிறபோது பாதம் பட்டால் போதும், அது இலைக்குப் போய்விடும். தவறிப்போய்ப் பட்டது என்று நானே நம்பிவிடலாம். ஆனால் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். அவள் என் அக்கா என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அடுத்த நொடியில் தெரிந்துவிடும். அப்புறம் இலை வெறும் இலைதான். எல்லோரும் எழுவார்கள். அக்கா ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கைதான் ஊன்ற முடியும்.

குனிந்து பழத்தை எடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வழி முழுக்க நடந்துபோய் அம்மன் கூடையில் போட்டேன். திரும்பி நடந்து வரும்போது அக்கா முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அவள் முந்தானை இன்னும் விரிந்தபடியே இருந்ததை மட்டும் பார்த்தேன்.

பை காலியானது. மேலே இருந்தவர் காலிப் பையை உதறிக் காட்டிவிட்டு இறங்கத் தொடங்கினார். ஒருத்தியும் எழவில்லை. அத்தை வட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, எல்லார் இலையையும் பார்த்துவிட்டு, எழுந்துக்கலாம் என்றாள். எல்லோரும் சேர்ந்து எழுந்தார்கள். யாரும் சொல்லாமலே, பந்தி முடிந்து தாம்பூலம் எடுத்துக்கொள்வது போல ஒவ்வொருத்தியும் தன் வெறும் தையல் இலையை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அடுத்த வருஷத்திலிருந்து அந்த இலையைக் கேட்டே ஆட்கள் வந்தார்கள்.

காலனித் தெரு வழியாகக் கூட்டம் வெளியேறியது. மோர்ப் பானைகள் காலியாகிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வளையல்காரர் பஸ் ரோட்டோரம் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். போலீஸ் அதிகாரி தர்மகர்த்தாவிடம் என்னவோ சொல்லிவிட்டுப் போனார். தர்மகர்த்தா சிரித்ததிலிருந்து நல்ல சேதிதான் என்று தெரிந்தது.

அக்காவும் மாமியாரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். நான் கொஞ்சம் பின்னாலேயே போனேன். மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மாள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான், அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. பஸ் ரோட்டில் அந்த அம்மாள் புளியமரத்து நிழலுக்குப் போனதும் அக்கா என்னிடம் வந்தாள்.

“எனக்குத் தள்ளி வுட்டிருந்தா இன்னாடி ஆயிருக்கும்?”

“எல்லாரும் எழுந்திருப்பாங்கக்கா.”

அக்காவின் காய்ந்த புடவையில் சேறு இல்லை. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா,” என்றாள். “வேற எவளுக்காவது நீ தள்ளி வுட்டிருந்தா நாந்தான் மொதல்ல எழுந்திருப்பேன்.”

பஸ் வருவது தெரிந்தது. மாமியார் நிழலிலிருந்து வெளியே வந்தாள். அக்கா இடுப்பில் செருகிய இலை விழாமல் ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தாள். கம்பியைப் பிடிக்க மறு கை எழாததால் நான் பின்னாலிருந்து தாங்கினேன். ஏறியதும் திரும்பாமலே சொன்னாள்.

“வர்ற வருசம் என்ன ஓரத்துல குந்த வெக்காத.”